வாசல் விளக்கு

விளக்குகளில் இருவகை உண்டு. வீட்டாருக்கென உள்ளே எரிவது ஒன்று. வழிப்போக்கருக்கென வெளியே எரிவது மற்றொன்று. முன்னதன் பயனை ஏற்றியவரே நுகர்கிறார். பின்னதன் பயனை நுகர்பவர் யார் என்பதை ஏற்றியவர் பெரும்பாலும் அறிவதில்லை. முப்பதாண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளுக்கு அரபும் தமிழும் கற்பித்துவரும் நாம், இத்துணை எளிய உண்மையை உணர்ந்துகொள்ள ஒரு சிறுவனும், அவன் செய்த ஓர் அட்டை இரயில் நிலையமும், எள்ளளவே ஆன சில விளக்குகளும் தேவைப்பட்டன. அதனை இங்கே எழுதுவது பிறருக்கு அறிவுரை கூறுவதற்காக அன்று. நம் குறையை நாமே ஒப்புக்கொள்வதற்காக.

நாம் வாழும் ஊர் செஞ்சி. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் இணைத்துச் சுற்றிவரும் மதிலைத் தமிழ்நாட்டில் அறியாதார் இலர். 1714இல் ஆர்க்காட்டு நவாபு சஆதத்துல்லா கானின் படையை எதிர்த்து மாண்ட தேசிங்கு ராஜனின் கதை இன்றும் நாட்டார் நாவில் வாழ்கிறது. அவனுக்காக உயிர் கொடுத்த தோழன் ஒரு முஸ்லிம் என்பதை அக்கதை மறவாமல் சொல்கிறது. இராஜகிரியின் அடிவாரத்தில் 1717-18இல் எழுப்பப்பட்ட சஆதத்துல்லா கான் பள்ளிவாசல் நிற்கிறது. இத்தனை இருந்தும் செஞ்சியில் ஒன்று மட்டும் இல்லை: இரயில் நிலையம். கிழக்கே திண்டிவனத்திற்கோ, மேற்கே திருவண்ணாமலைக்கோ, தெற்கே விழுப்புரத்திற்கோ பேருந்தில் சென்றுதான் நாம் இரயிலைக் காண வேண்டும். திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் பாதை அமைக்கும் திட்டம் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே ஏற்கப்பட்டது. ஆனாலும் வண்டியின் ஊதலொலியை நம் குன்றுகள் இன்னும் கேட்கவில்லை.

2025ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் நம் மகளார் புனேயிலிருந்து வந்தபோது, அவர் மகனாகிய பதினோரு வயதுப் பேரன் ஒரு பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். உள்ளே சிறிய இரயில் வண்டியும், வளையமாய்ப் பூட்டத்தக்க தண்டவாளமும் இருந்தன. உண்மை வண்டியை எண்பத்தேழில் ஒரு பங்காய்ச் சுருக்கிச் செய்த வண்டி அது. உலகெங்கும் இக்கலையில் ஈடுபட்டோர் மிகுதியாய்க் கையாளும் அளவும் அதுவே. புனேயின் கோத்ருடு பகுதியில் பாவு ஜோஷி என்பவர் தம் வாழ்நாள் ஆர்வத்தின் பயனாய் உருவாக்கி, 1998இல் மக்களுக்குத் திறந்துவைத்த சிற்றுரு இரயில் அருங்காட்சியகத்தை அவன் கண்டிருக்கிறான். அங்கே அறை இருண்டதும் அச்சிற்றூரின் தெருக்களிலும் நிலையத்திலும் விளக்குகள் ஒளிரும் காட்சியை அவன் நமக்குக் கைகளால் வரைந்து காட்டினான். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001இல் திறக்கப்பட்ட இத்தகைய காட்சிக்கூடத்தில் ஒரு முழு நாள் ஏறக்குறைய கால் மணி நேரத்தில் கழிந்துவிடுமாம். பொழுது சாயச் சாய இலட்சக்கணக்கான சிறு விளக்குகள் எரியத் தொடங்குமாம். இவற்றையெல்லாம் சொல்லி முடித்தபின் அவன் கேட்டான்:

“நன்னா, உங்க ஊர் ஸ்டேஷன் எங்கே இருக்கு?”

இல்லை என்றோம். அவன் சிறிது நேரம் எண்ணமிட்டான். “அப்ப நாம செஞ்சிடலாம்” என்றான். “செஞ்சி”யில் “செஞ்சிடலாம்” என்ற சிலேடையை அவன் அறிந்து சொன்னானா, அறியாமல் சொன்னானா என்பது இன்றளவும் நமக்குத் தெளிவில்லை.

பழைய பஞ்சாங்க அட்டைகளும் திருமண அழைப்பிதழ்களும் கூடத்தில் குவிந்தன. தென்னிந்தியச் சிறு நிலையங்களின் சாயலில், முன்னே தாழ்வாரமும் மேலே ஓட்டுக் கூரையுமாய் ஒரு கட்டடம் எழுந்தது. நீளம் முப்பது சென்டிமீட்டர். உண்மையில் அது இருபத்தாறு மீட்டர்க் கட்டடம். இரண்டு மீட்டருக்குச் சற்று உயர்ந்த கதவு இருபத்து நான்கு மில்லிமீட்டர் ஆயிற்று. சரக்குக் கொட்டகை, கடவுப்பாதை, நிலையத்தின் பின்னே திண்ணை வைத்த ஒரு சிறு வீடு ஆகியன அடுத்தடுத்து அமைந்தன. நடைமேடையின் இரு முனைகளிலும் மஞ்சள் நிறப் பலகை நட்டு, “செஞ்சி” என்று தமிழிலும், அதன்கீழ் இந்தியிலும் ஆங்கிலத்திலும் கருநிறத்தில் எழுதினான். அரசு தராத நிலையத்தை அட்டை தந்துவிட்டது.

இச்செய்தி தெருவில் பரவியது. ஜமாஅத்துப் பெரியவர் ஒருவர் அஸர் தொழுகைக்குப்பின் நம்மைத் தனியே நிறுத்தி, “ஹஜ்ரத், வீட்டில் பொம்மை செய்கிறீர்களாமே?” என்று கேட்டார். கேள்வியில் கடுமை இல்லை, கவலை இருந்தது. உயிரற்றவற்றின் உருவைச் செய்வதில் தடையில்லை என்பதையும், மரம், கட்டடம் போன்றவற்றை அமைக்கலாம் என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தந்த தீர்வின் வழியே நிலைபெற்றது என்பதையும் எடுத்துரைத்தோம். சிறுவரின் விளையாட்டுப் பாவைகள் குறித்து அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் செய்தியைக் கொண்டு அறிஞர் பலர் சலுகை அளித்திருப்பதும் நாம் அறியாததன்று. எனினும், கற்பிக்கும் இடத்தில் இருப்பவர் ஐயத்திற்கு இடமளிக்கலாகாது என்று கருதினோம். “நடைமேடையில் மனித உருவங்கள் வேண்டாம்” என்று பேரனிடம் சொன்னோம். அவன் முகம் வாடினாலும் ஒப்புக்கொண்டான்.

ஆனால் அதன் விளைவை நாம் எதிர்பார்க்கவில்லை. எல்லாம் செய்து முடித்தபின் அந்த நிலையத்தைப் பார்த்தால், கோட்டைக்குள் இருக்கும் கலியாண மகாலைப்போல் அழகாகவும் வெறுமையாகவும் இருந்தது. வண்டி வந்து நிற்கிறது. ஏறுவார் இல்லை, இறங்குவார் இல்லை. பேரன் கன்னத்தில் கைவைத்தபடி, “நன்னா, எல்லாரும் ஊரை விட்டுப் போயிட்ட மாதிரி இருக்கு” என்றான். உண்மைதான். ஆளை வைக்காமல் ஆள் இருப்பதை எவ்வாறு காட்டுவது? அவனே விடை கண்டான்: “லைட் போட்டா ஆள் இருக்குன்னு தெரியும்ல?”

இவ்வாறுதான் ஐம்பதைக் கடந்த வயதில் நாம் விளக்குத் தொழில் பயிலப் புகுந்தோம்.

முற்காலத்தில் இக்கலையினர் இழை பல்புகளையே பயன்படுத்தினர். அவற்றின் அளவைக் கருதி அவர்கள் இட்ட பெயர்கள் கோதுமைமணி, அரிசிமணி என்பன. அவை சூடேறும், சில காலத்தில் இழை அறுந்துபோகும். ஆதலின் கூரையைத் திறந்து மாற்றும்படி கட்டடத்தை அமைக்க வேண்டியிருந்தது. இன்று அவ்விடத்தை எல்.இ.டி. என்னும் ஒளியுமிழ் டையோடு பற்றிக்கொண்டது. சிவப்பும் பச்சையும் மஞ்சளும் உமிழ்பவை முன்னரே இருந்தன. வெள்ளொளிக்கு நீலம் இன்றியமையாதது. அந்த நீலத்தை வயப்படுத்தியதற்காகவே ஜப்பானில் பிறந்த அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நாம் வாங்கியவை ஒன்று 1.6 மில்லிமீட்டர் நீளமும் 0.8 மில்லிமீட்டர் அகலமும் கொண்டவை. எண்பத்தேழால் பெருக்கினால் ஏறக்குறைய பதினான்கு சென்டிமீட்டருக்கு ஏழு; பழைய குண்டு பல்பின் பருமன்தான்! மயிரிழை போன்ற இரு செப்புக் கம்பிகள் ஒட்டியே வந்தன. அக்கம்பிகளுக்கு மேற்பூச்சே காப்பு.

கடைத்தெருவில் வானொலி, தொலைக்காட்சி பழுதுபார்க்கும் ஒருவர் நம்மிடம் சிறுவயதில் எழுத்துப் படித்தவர். இருபது விளக்குகளை அவர் வரவழைத்துக் கொடுத்து, பயன்படுத்தும் முறையைச் சொல்லத் தொடங்கினார். நாமோ, மாணவரிடம் பாடம் கேட்கப் பொறுமையின்றி, “விளங்கிற்று, விளங்கிற்று” என்று சொல்லி வீடு திரும்பினோம். பன்னிரண்டு வோல்ட் அடாப்டரில் விளக்கை நேரே இணைத்தோம். மின்னலைப்போல் ஓர் ஒளி. அடுத்த நொடி இருள். இரண்டாவதையும் அவ்வாறே செய்தோம், அதுவும் மாண்டது. மூன்றாவதை எடுக்கப்போன நம் கையைப் பேரன் பற்றிக்கொண்டான். மறுநாள் கடைக்காரர் நகைக்காமல் கேட்டார்: “ஹஜ்ரத், ரெசிஸ்டர் போட்டீங்களா?”

பாடம் இதுவே. வெள்ளை விளக்கு ஏறத்தாழ மூன்று வோல்ட் அளவையே தாங்கும். எஞ்சிய ஒன்பது வோல்ட் சுமையை ஒரு மின்தடை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆயிரம் ஓம் தடை வைத்தால் ஒன்பது மில்லிஆம்பியர் ஓடும். சிறு நிலையத்திற்கு அது கண்ணைக் கூசவைக்கும் ஒளி. நாலாயிரத்து எழுநூறு ஓம் வைத்தால் ஏறக்குறைய இரண்டு மில்லிஆம்பியர் ஓடும்; இதமான ஒளி கிடைக்கும். ஆகத் தடை என்பது விளக்குக்குப் பகையன்று. அதுவே விளக்கின் உயிர்காப்பு. நோன்பைப் பற்றிப் பலமுறை மேடையில் பேசிய நமக்கு, கட்டுப்பாடு காக்கிறது என்னும் கருத்தை இத்தனை சுருக்கமாய்ச் சொல்லும் உவமை அதுவரை அகப்படவில்லை.

மற்றொன்றையும் அவர் கற்பித்தார். திருமண வீட்டுச் சீரியல் செட்டில் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தொடராக இணைந்திருக்கும். ஒன்று அறுந்தால் ஒரு வரிசையே இருண்டுவிடும். நாம் ஒவ்வொரு விளக்கையும் அதனதன் தடையோடு தனிக் கிளையாகப் பக்க இணைப்பில் கோத்தோம். ஒன்று அணைந்தாலும் மற்றவை எரியும். ஒருவர் தவறினால் ஊரே தவறிவிடாமல் இருக்க வேண்டிய ஒரு ஜமாஅத்துக்கு ஏற்ற முறை இதுவே.

முதலில் உள்ளே மூன்று விளக்குகளை வைத்தோம். இரவில் ஏற்றிப் பார்த்தபோது வேறொரு வியப்பு காத்திருந்தது. சன்னல் மட்டுமின்றிச் சுவர் முழுவதும் தணல்போல் சிவந்து ஒளிர்ந்தது. மூலைகளின் இடுக்குகளில் ஒளி கீற்றுக் கீற்றாய்க் கசிந்தது. அட்டை ஒளியை முற்றும் மறைக்கவில்லை. பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம் (ஏறக்குறைய 965–1040) தம் ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஒளியியல் நூலில், இருட்டறையின் துளைக்கு வெளியே பல விளக்குகளை வைத்து ஆராய்ந்த செய்தி நம் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு விளக்கின் ஒளியும் ஒன்றோடொன்று கலவாமல் நேர்க்கோட்டில் சென்று எதிர்ச்சுவரில் தனித்தனியே விழும். ஒன்றை மறைத்தால் அதற்குரிய ஒளிமட்டுமே நீங்கும். ஓதும் காலத்தில் ஏட்டில் அறிந்ததை, அட்டைச் சுவரின் இடுக்கு ஒளி நம் கூடத்துச் சுவரில் எழுதிக் காட்டிற்று. உட்புறம் முழுவதும் கறுப்பு வண்ணம் தீட்டி, மூலைகளில் தாளை ஒட்டிய பின்னரே ஒளி சன்னல் வழியாக மட்டும் ஒழுங்காக வெளிவந்தது.

ஆயினும் பேரனுக்கு நிறைவில்லை. “உள்ளே ஆள் இருக்காங்க. ஆனா கதவைச் சாத்திக்கிட்டு இருக்காங்க” என்றான். அவன் சொல்லில் ஒரு திறனாய்வே அடங்கியிருந்தது. வீட்டுக்குள் எரியும் விளக்கு, உள்ளே இருப்பவர் உயிரோடு இருக்கிறார் என்று மட்டுமே சொல்கிறது. வருபவரை வா என்று அழைப்பது வெளிவிளக்கே.

வெளிவிளக்கு அமைப்பதே இக்கலையில் கடினம். உட்புற விளக்கின் கம்பியைக் கூரைக்குள் ஒளித்துவிடலாம். வெளியே உள்ளதோ, கம்பி முதல் கிண்ணம் வரை எல்லாம் கண்ணில் படும். கம்பத்திற்கு என்ன செய்வது? மருந்துக் கடையில் பயன்படுத்தாத பதினெட்டாம் எண் ஊசிகளை வாங்கி முனையை மழுக்கினோம். பருமன் 1.27 மில்லிமீட்டர், நீளம் முப்பத்தெட்டு. உண்மை அளவில் மூன்றேகால் மீட்டருக்குச் சற்று மேற்பட்ட இரும்புக் கம்பம்! உள்ளே துளை இருப்பதால் இரு செப்பிழைகளும் அதன் வழியே இறங்கி மேடைக்கு அடியில் மறைந்தன. மேலே கிண்ணமாய் மூடும் தகட்டுக்கு நம் இல்லாள் தையற்பெட்டியைத் திறந்து சமிக்கி எடுத்துத் தந்தார். ஐந்து மில்லிமீட்டர் வட்டம், நடுவே குழிவு, குழிவில் துளை: சிறு நிலையங்களில் நாம் கண்ட பழைய விளக்கு மூடியின் அச்சு அசல். மேற்புறம் கருநிறம் பூசியதும் அது சமிக்கி என்று சொன்னாலும் நம்புவாரில்லை.

அந்தச் சமிக்கியைப் பொருத்தியபோதுதான் ஒரு சொல்லின் பொருள் நமக்குக் கண்ணெதிரே விளங்கிற்று. திருமறையின் இருபத்து நான்காம் அத்தியாயத்தின் பெயர் அந்நூர். ஒளி என்று பொருள். அதில் வரும் ‘மிஷ்காத்’ என்ற சொல்லை மாடம் என்று பல்லாண்டுகளாகப் பிள்ளைகளுக்கு மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறோம். மறுபுறம் திறவாத சுவர்க்குழி என்று உரையாசிரியர்கள் விளக்குவர். ஏன் மறுபுறம் திறக்கலாகாது? ஒளி சிதறிப் போகாமல் திரண்டு முன்னே பாய்வதற்காக. மூடியில்லாத விளக்கு எங்கும் மங்கலாய்ப் பரவி எதையும் காட்டவில்லை. மூடியிட்டதும் அதே விளக்கு தரையில் ஒரு வட்டத்தைத் தெளிவாய் வரைந்தது. நம் முன்னோர் வீடுகளின் வாசலில் இருந்த விளக்கு மாடமும் இதே கணக்கில் அமைந்ததே. அட்டைத் திண்ணை வீட்டின் முகப்பிலும் ஒரு சிறு மாடம் குடைந்து ஒரு விளக்கு வைத்தோம். நிறத்திலும் கவனம் வேண்டியிருந்தது. வெண்மையான ஒளி பகலைப்போல் குளிர்ந்து தோன்றியது. பழைய விளக்கின் இளஞ்சிவப்புக் கலந்த மஞ்சளே ஊரின் நிறம். கண்ணாடியில் தீட்டும் மஞ்சள் வண்ணத்தை ஊசிமுனையால் ஒரு துளி தொட்டு வைத்துச் சரிசெய்தோம்.

நடைமேடையில் நான்கு, பெயர்ப்பலகைகளுக்கு இரண்டு, நிலைய அதிகாரியின் கதவருகே ஒன்று, பின்வாயிலில் ஒன்று, கொட்டகையில் ஒன்று, கடவுப்பாதையில் ஒன்று, மாடத்தில் ஒன்று என வெளிவிளக்குகள் பதினொன்று ஆயின. முதல் இரவில் எல்லாம் மிகுந்த ஒளியோடு எரிந்தன. நிலையம் நகைக்கடைபோல் தோன்றியது. தடைகளைக் கூட்டி ஒளியைக் குறைத்தோம். விளக்குக்கும் விளக்குக்கும் இடையே இருள் வந்ததும் இரவு பிறந்தது; இரவு பிறந்ததும் ஊர் பிறந்தது. ஆளில்லாத நடைமேடையில் எவரோ ஒருவர் இப்போதுதான் நடந்து போனார், இன்னொருவர் இனி வருவார் என்று தோன்றிற்று. ஓர் உருவமும் வைக்காமல் அங்கே மனிதர் நிறைந்திருந்தனர்.

அந்தக் கதவருகு விளக்கைப் பார்த்தவாறே நாம் நெடுநேரம் பேசாதிருந்தோம். பேரன் ஏன் என்று கேட்டான். நம் மகளாரிடம்கூட நாம் சொல்லாத ஒன்றை அவனிடம் சொன்னோம்.

1982 என்று நினைவு. வேலூரில் ஓதிக்கொண்டிருந்த பதினான்கு வயது. அந்நாளில் காட்பாடி–விழுப்புரம் பாதை மீட்டர் பாதையாகவே இருந்தது. வேலூரில் ஏறித் திருவண்ணாமலையில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் செஞ்சி வருவது நம் வழக்கம். ஒருமுறை மாலை வண்டியில் அயர்ந்து உறங்கிவிட்டோம். விழித்தபோது திருவண்ணாமலை கடந்துவிட்டது. பதறிப்போய், திருக்கோவிலூருக்கு இப்பால் ஒரு சிறு நிலையத்தில் வண்டி நின்றதும் இறங்கினோம். வண்டி அகன்றது, அதன் விளக்கும் அகன்றது. ஊர் எத்திசையில் என்பதும் தெரியவில்லை. கையில் ஒரு துணிப்பையும் கிதாபும். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றோம்.

அலுவல் முடித்துக் கதவைப் பூட்டிக்கொண்டு புறப்பட்ட நிலையப் பணியாளர் ஒருவர் நம்மைக் கண்டார். தொப்பியையும் பையையும் பார்த்து, “ஓதுற பிள்ளையா?” என்றார். காலை வண்டிவரை காத்திரு என்று பெஞ்சைக் காட்டினார். பின்னர் சில அடி நடந்து போனவர் திரும்பி வந்தார். தம் கையிலிருந்த அரிக்கேன் விளக்கைக் கதவருகே இருந்த ஆணியில் மாட்டினார். “தம்பி, எண்ணெய் விடியிற வரைக்கும் தாங்கும். பயப்படாதே” என்றார். அவர் வீட்டுக்குப் போகும் வழிக்கு வேறு விளக்கு இல்லை என்பதை, அவர் தண்டவாளத்தின் ஓரமாய்த் தடவித் தடவி நடந்து இருளில் மறைந்தபோது கண்டோம். அவ்வளவு தெளிவாகக் கண்டும், விளக்கை எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. விடியலில் வேறொருவர் பணிக்கு வந்தார். முதல் வண்டியில் ஏறிவிட்டோம். அவர் பெயரை நாம் கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை.

பேரன் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்ததும் எழுந்து வாசல்வரை சென்று வெளியே எட்டிப் பார்த்துத் திரும்பினான். பிறகு கேட்டான்:

“அப்ப நம்ம வீட்டு வாசல்ல ஏன் நன்னா லைட் இல்ல?”

வாசற்படிக்கு மேலே விளக்குத்தாங்கி உண்டு. அதிலிருந்த பல்பு பழுதாகி இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. பழுதாகும் முன்பும் இஷாவுக்குப்பின் அதனை அணைத்துவிடுவதே நம் வழக்கம். யாரேனும் கேட்டால், உறங்கும்போது விளக்குகளை அணைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததை எடுத்துச் சொல்வோம். அந்தப் பணிப்பின் காரணமும் அந்த நபிமொழியிலேயே உண்டு: எலி திரியை இழுத்துச் சென்று வீட்டுக்குத் தீ வைத்துவிடக்கூடும். தீயின் அச்சம் இல்லாதவிடத்து, பள்ளிவாசலில் தொங்கும் விளக்குகளைப்போல, அணையாது விடுவதில் தவறில்லை என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் விளக்கியிருப்பதை நாமே பாடம் நடத்தியிருக்கிறோம். பள்ளிவாசலில் முதன்முதல் விளக்கேற்றியவர் தமீமுத்தாரீ (ரலி) அவர்கள் என்று இப்னு மாஜாவில் வரும் செய்தியும் தெரியும். மனாரா என்ற சொல்லே ஒளிக்கான இடம் என்னும் பொருளில் நூர் என்ற வேரிலிருந்து கிளைத்தது என்று இலக்கணம் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். வழியில் கிடக்கும் இடையூற்றை நீக்குவதும் ஈமானின் ஒரு கிளை என்பதை எத்தனை ஜும்ஆக்களில் பேசியிருப்போம்! இருளும் வழிக்கு ஓர் இடையூறுதானே? இத்தனையும் அறிந்திருந்தும், எலியே ஏற முடியாத மின்விளக்கை அணைப்பதற்கு அந்த நபிமொழியைத் துணைக்கு அழைத்தோம். உண்மைக் காரணம், வீட்டுக்குள் இருந்த நமக்கு வெளியே ஒளி தேவைப்படவில்லை என்பதுதான். கல்வி சிலவேளை நம் சோம்பலுக்கு ஆடை தைத்துக் கொடுத்துவிடுகிறது.

பேரனுக்கு இவற்றில் ஒன்றையும் சொல்லவில்லை. “பல்பு போயிடுச்சு” என்று மட்டும் சொன்னோம். “ஸ்டேஷனுக்குப் பதினொண்ணு போட்டோமே, நன்னா” என்றான் அவன்.

அன்றிரவே கடை அடைக்குமுன் ஒன்பது வாட் விளக்கு ஒன்று வாங்கி வந்தோம். ஏணியை அவன் பிடித்துக்கொள்ள, நாம் ஏறி மாட்டினோம். சமிக்கியில் கற்ற பாடத்தை மறக்கவில்லை: ஒளி எதிர்வீட்டுச் சன்னலில் புகுந்து உறங்குவோரைத் துன்புறுத்தாதபடி மேலே ஒரு தகட்டு மூடியும் பொருத்தினோம். தெருவில் ஒரு மஞ்சள் வட்டம் விழுந்தது. அதற்குள் ஒரு கல் துருத்திக்கொண்டிருப்பது தெரிந்தது. இரண்டாண்டுகளாய் அது அங்கேதான் இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் காலை எதிர்வீட்டு அம்மையார் நம் இல்லாளிடம் வந்து பேசிக்கொண்டிருந்தார். அவர் மகள் செய்யாறு அருகே காலணித் தொழிற்சாலையில் வேலை செய்பவள். மாலை முறை வேலை முடிந்து கம்பெனி வண்டி அவளைத் தெருமுனையில் இறக்கிவிடும்போது நள்ளிரவு நெருங்கிவிடுமாம். “வாத்தியாரையா வீட்டு வெளிச்சம் இருக்கவே, நேத்து அவ செல்போன் டார்ச் அடிக்காமலே வந்தா. நான் முனைக்குப் போய் நிக்கவும் வேண்டியதில்ல” என்றார். இதுகாறும் அந்தத் தாய் ஒவ்வோர் இரவும் இருளில் முனைவரை சென்று நின்றிருக்கிறார். நாம் பத்தடி தொலைவில் உறங்கியிருக்கிறோம். அவர் குறை கூறவில்லை, நன்றியே கூறினார். அதனைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூசியது.

விடுமுறை முடிந்து பேரன் புனே சென்றான். வண்டியையும் தண்டவாளத்தையும் எடுத்துக்கொண்டு நிலையத்தை நம்மிடம் விட்டுச் சென்றான். “இது செஞ்சி ஸ்டேஷன், செஞ்சியிலதான் இருக்கணும்” என்பது அவன் தீர்ப்பு. ஜூலையில் நம் கோட்டை, மராத்தியர்களின் பன்னிரண்டு கோட்டைகள் கொண்ட தொகுதியில் ஒன்றாய் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அதில் தமிழ்நாட்டுக் கோட்டை இது ஒன்றே. மற்றவை பதினொன்றும் மராட்டிய மாநிலத்தவை. பேரன் தொலைபேசியில் அழைத்து, “உங்க கோட்டையும் எங்க லோஹகட் கோட்டையும் ஒரே லிஸ்ட்ல வந்துடுச்சு” என்று மகிழ்ந்தான். உடனே குரலைத் தாழ்த்தி, “வாசல் லைட் எரியுதா?” என்று கேட்டான். எரிகிறது என்றோம்.

அட்டை நிலையம் நம் நூலடுக்கின்மேல், அரபு அகராதிகளுக்கு அருகே இருக்கிறது. மஃரிபு தொழுது வந்ததும் வாசல் விளக்கை ஏற்றிவிட்டு, அதன்பின் நிலையத்தின் விளக்குகளையும் ஏற்றுகிறோம். வரிசை மாறுவதில்லை. அண்மையில் மாடத்து விளக்கு ஒன்று அணைந்துவிட்டது, மற்றவை எரிகின்றன. எஞ்சியிருக்கும் நான்கில் ஒன்றை எடுத்து அதனை மாற்ற வேண்டும். இம்முறை தடையை மறக்கமாட்டோம்.

கதவருகே எரியும் விளக்கைக் காணும்தோறும், பெயரறியாத அந்தப் பணியாளருக்காகக் கையேந்துகிறோம். ஒளியின் உரிமையாளனாகிய இறைவன் அவர் நடந்த இருட்பாதைக்கெல்லாம் ஈடாக அவருக்கு ஒளியை அருள்வானாக! அவர் மாட்டிய விளக்கின் எண்ணெய் விடியும்வரை தாங்கும் என்றே அவர் நினைத்திருப்பார். அது நாற்பத்து மூன்று ஆண்டுகள் தாங்கிவிட்டது.